இசையரங்கச் சீரமைப்பில் வீழ்வுத் தடுப்பு

இசையரங்கைப் புதுப்பிக்கும்போது உயரத்தில் வேலை செய்வோர் விழாமலும், விழுந்தால் தரையில் மோதாமலும் காக்கும் கைப்பிடி வேலி, வலை, உடற்பட்டை, எஃகு வடம், அவற்றைத் தாங்கும் பிடிப்புகள் ஆகியவற்றின் தொகுதி வீழ்வுத் தடுப்பு அமைப்பு எனப்படுகிறது. அமெரிக்கக் கட்டுமான விதிகளின்படி பொதுவாக 6 அடி (சுமார் 1.8 மீட்டர்) உயரத்திலிருந்தே இந்தப் பாதுகாப்பு கட்டாயம்.

இசையரங்குகளில் பெரிய ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள இருட்டுப் பரணில். பழைய அரங்குகள் பலவற்றில் உட்கூரை என்பது சாக்குத்துணியை உள்ளே வைத்து வார்த்த மெல்லிய பிளாஸ்டர். மேலிருந்து பார்த்தால் திடமான தளம்போலத் தோன்றும். ஆள் பாரத்தைத் தாங்காது. 1901இல் திறக்கப்பட்ட லண்டன் அப்போலோ நாடக அரங்கில், 2013 டிசம்பர் 19 அன்று காட்சி நடக்கும்போதே இத்தகைய கூரையின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து பலர் காயமுற்றனர். கூரையைத் தாங்கிய சாக்குத்துணிக் கட்டுகள் காலப்போக்கில் நைந்துபோயிருந்தன. தன் எடையையே தாங்காத ஒன்றின்மேல் எவரையும் கால்வைக்க விடலாகாது. ஆகவே முதல் வேலை, பரண் முழுவதும் வேலியிட்ட நடைபாலங்களைப் பொருத்துவது.

கீழிருந்து கூரையை அடைய, இருக்கைகளைக் கழற்றிவிட்டு அரங்கை நிறைத்துச் சாரம் கட்டி, உச்சியில் பலகைத் தளம் பரப்புவதுண்டு. விளிம்பு வேலிகளும் திறப்பு மூடிகளும் சரியாக இருந்தால் அத்தளத்தில் உடற்பட்டைக்குத் தேவை குறைவு. எல்லோரையும் ஒருசேரக் காக்கும் ஏற்பாடு தனியாள் கருவியைவிட மேலானது. பட்டையை மாட்ட மறப்பது மனித இயல்பு.

உடற்பட்டையை நம்பும் இடங்களில் கணக்குப் பிசகக்கூடாது. 2 மீட்டர் கயிற்றின் பிடிப்பு காலடி மட்டத்தில் இருந்தால் ஆள் 4 மீட்டர்வரை விழுந்த பிறகே கயிறு இறுகும். கயிற்றிலுள்ள அதிர்ச்சி தாங்கி இன்னும் 1.75 மீட்டர்வரை நீளலாம். பாதுகாப்பு இடைவெளியையும் சேர்த்தால் கீழே 6 மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். மாடத்துக்குக் கீழே அவ்வளவு இடம் இருப்பது அரிது. எனவே அங்கே விளிம்பை எட்டவே விடாத குட்டைக் கயிறு பொருத்தமானது. அமெரிக்க விதி ஒவ்வொரு ஆளுக்கும் 5,000 பவுண்டு (சுமார் 2,268 கிலோ) தாங்கும் பிடிப்பையோ, தகுதியுள்ளவர் இருமடங்கு பாதுகாப்புடன் வடிவமைத்த அமைப்பையோ கேட்கிறது. விளக்குக் குழாயும் உட்கூரைக் கம்பியும் அதற்கு ஆகாதவை. கட்டுமானப் பொறியாளர் கணித்துக் காட்டும் உத்தரமே ஆகும். வயிற்றில் முழு விசையும் விழும் இடுப்புப்பட்டையை வீழ்வைத் தாங்கப் பயன்படுத்துவது அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் தடை. தொங்குபவரை உடனே இறக்க ஏற்பாடு இருப்பதும் விதி. பட்டையில் அசைவின்றித் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

வேலை முடிந்து சாரம் பிரிந்தாலும் உயரம் அங்கேயே இருக்கிறது. லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் எதிரொலியைக் குறைக்க 1969இல் தொங்கவிட்ட கண்ணாடியிழைக் குடைகளைப் போன்றவற்றை யாராவது பின்னாளில் துடைக்கவும் சோதிக்கவும் வேண்டும். அதனால் நிரந்தர வடங்களையும் பிடிப்புகளையும் சீரமைப்பின்போதே பதிப்பது நல்லது; அலங்காரம் முடிந்த கூரையைப் பின்னர் துளைக்க எவரும் இசையமாட்டார்கள். தளர்ந்த வடமோ வளையமோ பலத்த ஒலியில் அதிர்ந்து இரையலாம் என்பதால் ஒலியியலாளரின் ஒப்புதலும் தேவை.

உயரத்தில் ஏறுவதையே தவிர்க்கும் வழியும் உண்டு. 2022 ஜூலையில் மீண்டும் திறந்த சிட்னி ஆப்பரா ஹவுஸ் இசையரங்கில், மேடைக்கு மேலுள்ள 18 ஒலி எதிரொலிப்பு இதழ்கள் ஏற்றி இறக்கத்தக்கவை. இத்தகைய கருவிகளை மேடைவரை இறங்கும்படி அமைத்தால், பராமரிப்பவர் தரையில் நின்றே வேலையை முடிக்கலாம்.