நிலம் யாருக்கு?

1957 ஆகஸ்ட் 31 அன்று விடுதலை பெற்ற மலாயாவின் அரசியல் சட்டம், ஒன்பது மலாய் ஆட்சியாளர்களையும் அவரவர் மாநிலத்திலேயே வைத்துக்கொண்டது. அவர்கள் கூடித் தங்களில் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுப்பார்கள். ஆட்சி நடத்துவது மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவை. இதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நிலம் மாநிலங்களின் அதிகாரம். கோலாலம்பூர் மட்டும் நினைத்தால் ஓர் ஏக்கர் காட்டுக்குக்கூடப் பட்டா தர முடியாது.

அன்றைய துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் இந்த முடிச்சை நன்றாக அறிந்தவர். கிராம மேம்பாட்டுப் பொறுப்பை ஏற்றதும் ஒவ்வொரு மாவட்டத்திலும் 'சிவப்புப் புத்தகம்' ஒன்றைத் தயாரிக்கச் சொன்னார். சிவப்பு அட்டை போட்ட பெரிய புத்தகம். உள்ளே மாவட்டத்தின் வரைபடம். அதன்மேல் சாலை, தண்ணீர், பள்ளிக்கூடம், புதுக் குடியேற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடித்தாள். ரசாக் முன்னறிவிப்பின்றி வந்து நிற்பார். எந்த வேலை எதுவரை வந்திருக்கிறது, ஏன் நிற்கிறது என்று மாவட்ட அதிகாரி அந்த வரைபடத்தைக் காட்டித்தான் பதில் சொல்லவேண்டும். கோப்பில் புதைந்துகிடந்த தாமதம் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வரைபடத்துக்கு வந்தது. இந்தத் தொடரில் இதுவரை கண்ட நிர்வாக ஏற்பாடுகளில் இதையே சிறந்தது என்பேன்.

1956-இல் தொடங்கிய அரசின் நிலக் குடியேற்ற அமைப்பான பெல்டா, மாநிலங்கள் ஒதுக்கிய காட்டைத் திருத்தி, நிலமில்லாத ஏழைகளைக் குடியேற்றியது. குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர், ஒரு வீடு. முதலில் ரப்பர், 1960-களில் செம்பனை. இதற்கான கடனை விளைச்சலிலிருந்து கட்டிக்கொள்ளலாம். குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். பல்லாயிரம் குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன. பெரிய சாதனைதான்.

அதே ஆண்டுகளில் ரப்பர் தோட்டங்களில் வேறொன்று நடந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். இந்தத் 'தோட்டத் துண்டாடல்' தலைமுறைகளாகப் பால் வெட்டிய தமிழர்களின் வேலையைப் பறித்தது. வேலை போனால் லயத்து வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம்.

துன் வீ. தி. சம்பந்தன் அப்போது அமைச்சர், மலாயா இந்தியக் காங்கிரஸின் தலைவர். பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், விற்பனைக்கு வரும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கலாம், அதற்குப் பங்குப் பணமாகப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டார். அன்றாடக் கூலியில் வாழ்ந்தவர்கள் நம்பிக் கொடுத்தார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அடுத்தடுத்து வேறு தோட்டங்களும் வந்தன.

பெல்டாவுக்கு மாநில நிலமும் அரசின் நிதியும் இருந்தன. சங்கத்துக்குக் கூலிப் பணம்தான் முதல். மலேசியாவின் வளர்ச்சி வரலாற்றில் பெல்டாவுக்குத் தனி அத்தியாயம் உண்டு. இந்தச் சங்கத்துக்கும் அதற்கு இணையான இடம் தந்தாகவேண்டும்.

(தொடரும்)