அண்ணன்மார் கதை முதல் டிராகன் கேம் வரை: பெரிய கற்பனை உலகத்துக்குள் புதியவர்கள் நுழைவது எப்படி?

புதுசா ஒரு ஃபேன்டஸி கேமை டவுன்லோடு செய்கிறீர்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே பத்து ராஜ்ஜியங்கள், இருபது குலங்கள், வாயில் நுழையாத பெயர்கள். பத்தாவது நிமிடம் கேம் அன்இன்ஸ்டால் ஆகிவிடுகிறது. இவ்வளவு பெரிய உலகத்தைப் புதியவருக்கு எப்படிப் புரிய வைப்பது? திருப்பூர் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது.

அண்ணன்மார் கதை ஏன் சிக்கலானது?

பொன்னர்-சங்கர் கதை என்று பலருக்கும் தெரியும். கொங்கு நாட்டின் இந்தப் பெரிய வாய்மொழிக் காவியம் மூன்று தலைமுறைகளைச் சொல்கிறது. பங்காளிகளால் விரட்டப்படும் குன்றுடையான், பிள்ளை வரம் கேட்டுத் தவம் இருக்கும் தாமரை, அமைதியான அண்ணன் பொன்னர், கோபக்காரத் தம்பி சங்கர், தங்கை அருக்காணி தங்காள், துணைக்கு நிற்கும் சாம்புவன், எதிரிகளாக வேட்டுவர்கள், வயலை அழிக்கும் கொம்பன் என்ற காட்டுப்பன்றி... பட்டியல் நீளும். சிவன், பார்வதி, விஷ்ணுவும் நடுவில் வருவார்கள்.

உடுக்கைப் பாட்டில் என்ன வழி?

கதை சொல்பவர் உடுக்கை அடித்து ஒரு காட்சியைப் பாடுவார். பிறகு அதையே பேச்சு நடையில் விளக்குவார். பின்பாட்டுக்காரர் கூடவே பதில் கொடுப்பார். பாட்டில் விட்டதை வசனத்தில் பிடித்துக்கொள்ளலாம். புதுசா வந்து உட்கார்ந்தவருக்கு முழுக் கதையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அன்றைய காட்சி புரிந்தால் போதும்.

ஓலப்பாளையம் டு அனிமேஷன்

காங்கேயம் அருகே உள்ள ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965-ல் இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிறகு கனடாவில் இருந்து அதை 26 பாகங்கள் கொண்ட அனிமேஷன் தொடராகவும், படக்கதைப் புத்தகங்களாகவும் கொண்டுவந்தார். பல இரவுகள் பாடும் கதை, ஒரு குழந்தை ஒரே மூச்சில் பார்க்கக்கூடிய சின்னச் சின்னத் துண்டுகளாக மாறியது.

கேம் உலகம் என்ன செய்கிறது?

1974-ல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதே சிக்கலைச் சந்தித்தது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆட்டக்காரர்களுக்கான கையேடு மட்டுமே 320 பக்கம். அதைப் பார்த்தால் புதியவர் பயந்துவிடுவார். அதனால் தனியாக ஒரு 'ஸ்டார்ட்டர் செட்' வெளியிட்டார்கள். அதில் விதிகள் 32 பக்கம்தான். ஐந்து கதாபாத்திரங்கள் ரெடியாக இருக்கும். வண்டியில் சரக்கு கொண்டு போகிறீர்கள், வழியில் தாக்குதல். அவ்வளவுதான் தொடக்கம். உலக வரலாறு பிறகு வரும்.

புனேயில் உருவாகி 2020-ல் வெளியான 'ராஜி' கேமும் இப்படித்தான். தம்பியைத் தேடும் அக்கா என்பது யாருக்கும் புரியும் கதை. புராணங்கள், வழியில் வரும் சுவர் ஓவியங்கள் மூலம் மெல்ல மெல்ல வரும்.

அண்ணன்மார் கதை கேம் ஆனால்?

தொடங்க ஒரு நல்ல வாசல் கொம்பன் வேட்டை. பொன்னாச்சி என்ற குட்டி நாயை யாரும் மதிக்காமல் விட்டுப் போகிறார்கள். கடைசியில் அதன் உதவி இல்லாமல் பன்றியை வீழ்த்த முடியவில்லை. இதற்கு முன்கதை எதுவும் தேவையில்லை. 'யார் இந்தச் சங்கர்? ஏன் இந்தப் பன்றி?' என்ற கேள்வி தானாக வரும். அப்போது ஒரு தலைமுறை பின்னால் கூட்டிப்போகலாம்.

எதை வெட்டக் கூடாது?

இங்கேதான் கவனம் வேண்டும். எளிமைப்படுத்தும்போது முதலில் காணாமல் போவது தங்காளும் சாம்புவனும்தான். மிஞ்சுவது இரண்டு வீரர்களின் சண்டைப் படம். ஆனால் தங்கையின் ஆசையும் துக்கமும் இல்லாமல் கதை நகராது. சாம்புவன் இல்லாவிட்டால், சாதி அடுக்கு பற்றி இந்தக் கதை காட்டுவதும் மறைந்துபோகும்.

இன்னொன்று: மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசி மாதம் திருவிழாவுக்குக் கூடும் மக்களுக்கு இவர்கள் கேம் கேரக்டர்கள் இல்லை, சாமிகள்.

சுருக்கமாகச் சொன்னால்: ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வேலை, ஒரே ஒரு காட்சி. இதில் தொடங்கி, மீதியைக் கேட்கக் கேட்கச் சொல்லலாம். வாசலைச் சின்னதாக்கலாம், வீட்டுக்குள் இருப்பவர்களை வெளியேற்றக் கூடாது.