நோவும் சட்டமும்: அபின் மருந்தின் வரலாறு

நம் வீட்டு அடுக்களையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும், உலகமே அஞ்சும் அபினும் ஒரே செடியில் பிறந்தவை. விதை கசகசா, காயைக் கீறினால் வடியும் பால் அபின். அந்த அபினிலிருந்து 1800களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்டுர்னர் பிரித்தெடுத்ததே மார்ஃபின். கொடிய வலியைத் தணிக்கும் இம்மருந்து நம் நாட்டில் நோயாளிக்கு எட்டாமல் போன வரலாற்றை, வியாபாரியாகிய நான் படித்தறிந்த அளவில் இங்கே சொல்கிறேன்.

இதைப் படிக்கத் தூண்டியது என் அக்காவின் கதி. வைத்தியத்துக்காக வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. டாக்டர் மார்ஃபின் மாத்திரை கொடுக்கலாம் என்றார். ஆனால் அவரிடமே அது இல்லை. நானும் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "அது போலீஸ் சமாச்சாரம் சார், நாங்க வைக்கிறதில்ல" என்றார். "இதுக்கு மருந்தே கிடையாதாடா தம்பி?" என்று அக்கா ஒருநாள் இரவு கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. 1997ல் அந்த வலியோடேயே கண்மூடினார்.

மருந்து இருந்தது என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

கம்பெனி ஆட்சியில் அபின் அரசின் ஏகபோகச் சரக்கு. 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபின் சட்டங்களும், 1930ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டமும் விடுதலைக்குப் பிறகும் நீடித்தன. இவற்றை நீக்கிவிட்டு 1985 நவம்பரில் வந்ததுதான் என்.டி.பி.எஸ். எனப்படும் போதைமருந்துகள் சட்டம். பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு கடுங்காவல். மருத்துவப் பயன்பாட்டை இச்சட்டம் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அதற்கான விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்தது. பல மாநிலங்களில் மருந்தை வாங்க ஒரு லைசென்ஸ், வைத்திருக்க ஒன்று, எல்லை தாண்டிக் கொண்டுவர ஒன்று என நான்கைந்து தேவைப்பட்டன; ஆப்காரி இலாகா ஒருபக்கம், மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா இன்னொருபக்கம்.

என் தகப்பனார் அரிசி வியாபாரி. பர்மிட் காலத்தை நன்கு அறிந்தவர். "ரெண்டாவது பர்மிட் வர்றதுக்குள்ள முதல் பர்மிட் செத்துப்போகும்" என்பார். மார்ஃபினுக்கும் அதுவே நடந்தது. எல்லா லைசென்சும் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்தால்தான் சரக்கு வரும். கணக்கில் ஒரு மாத்திரை குறைந்தாலும் ஜெயில் என்ற பயம் வேறு. ஆஸ்பத்திரிகள் ஒதுங்கின, கடைகளும் ஒதுங்கின.

விளைவு என்ன? 1985ல் ஏறத்தாழ 600 கிலோவாக இருந்த நாட்டின் மார்ஃபின் மருத்துவப் பயன்பாடு, 1997ல் வெறும் 18 கிலோ. அக்கா இறந்த அதே வருடம்! இத்தனைக்கும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிகள் அரசு உரிமத்தோடு அபின் பயிரிட்டு வந்தார்கள். காஜிப்பூர், நீமச் அரசு ஆலைகளிலிருந்து அது வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. விளைத்தவன் வீட்டில் பட்டினி என்பது இதுதான்.

மாற்றம் மெல்ல வந்தது. கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் முதலானோர் 1993ல் வலி நிவாரண இயக்கம் தொடங்கினர். 1998ல் விதிகளை எளிதாக்கும்படி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. நம் பெங்களூரிலும் 1994ல் அமைந்த ஹாஸ்பைஸ் டிரஸ்ட், 1999ல் மாரத்தஹள்ளிப் பக்கம் கருணாஸ்ரயாவைத் திறந்து, முற்றிய புற்றுநோயாளிகளைக் காசு வாங்காமல் பராமரித்து வருகிறது. 2014ல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. அதன்படி மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலில் வந்தன. பல லைசென்சுகளுக்குப் பதிலாக மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றாயிற்று.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் இவ்வகை மாத்திரைகளை அளவின்றி எழுதிக்கொடுத்ததால் லட்சக்கணக்கான உயிர்கள் போயின. இங்கேயும் டிரமடால் தவறாகப் பயன்பட்டதால் 2018ல் அதையும் இச்சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். சாதாரண முதுகுவலிக்கெல்லாம் மார்ஃபின் மருந்தல்ல. பூட்டு வேண்டியதுதான், ஆனால் சாவி நோயாளியின் டாக்டர் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் சமணர் மரபில் தானம் நான்கு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். ஔடதத்தை மட்டும் கொடுத்தால் போதாது, கொடுப்பவருக்கு அபயமும் வேண்டும் என்பதையே இந்த வரலாறு எனக்குக் கற்பித்தது. ஏட்டில் சட்டம் மாறிவிட்டது. மனதில் பயம் முழுதும் மாறவில்லை. ஆகவே, உங்கள் வீட்டில் யாரேனும் இத்தகைய வலியில் துடித்தால், "வலி நிவாரணப் பிரிவு எங்கே இருக்கிறது?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்கத் தெரியாமல் நான் நின்றதுபோல் நீங்கள் நிற்க வேண்டாம்.