ஆற்றில் போன காசும் ஏட்டில் நின்ற காசும்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. செலவுக்குக் கணக்கு வேண்டும் என்று சொல்லப்பட்ட இப்பழமொழி, பழங்காசுகளுக்கும் நன்கு பொருந்தும். காசு தொலைவதுண்டு, சிதைவதுண்டு, களவு போவதும் உண்டு. ஆனால் எழுதி வைக்கப்பட்ட காசு தொலைந்தாலும் அதன் வரலாறு நிற்கிறது. எழுதி வைக்கப்படாத காசோ, பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் பாதி தொலைந்ததற்குச் சமம். இதனை நம் ஜொகூர் மண்ணிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

ஜொகூர் ஆற்றின் பொற்காசுகள்

1511ஆம் ஆண்டில் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது. அவ்வரச மரபினர் பின்னர் ஜொகூர் ஆற்றங்கரையில் தங்கள் ஆட்சியை நிறுவினர். ஜொகூர் லாமா அவர்களின் தலைநகரங்களுள் ஒன்று. 1587இல் போர்த்துக்கீசியர் அந்நகரைத் தாக்கி அழித்தனர். அதன்பின் தலைநகராக விளங்கிய பத்து சாவார் 1673இல் ஜாம்பிப் படையினரால் சூறையாடப்பட்டது. 1699இல் சுல்தான் மாமூட் கோத்தா திங்கியில் கொல்லப்பட்டார். இத்தனை போர்களையும் ஓட்டங்களையும் கண்ட ஆறு அது. நகரங்கள் எரிந்தபோதும் மக்கள் உயிர் தப்பி ஓடியபோதும் எத்தனை முடிப்புகள் சேற்றில் புதைந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஜொகூர் சுல்தான்கள் 'மாஸ்' என்னும் பொற்காசையும், அதில் கால் மதிப்புள்ள 'கூப்பாங்' என்னும் சிறு பொற்காசையும் வெளியிட்டனர். எண்கோண வடிவிலும் அரபு எழுத்துகளுடனும் அமைந்தவை இவற்றுள் பல. கூப்பாங் ஒன்றின் எடை ஒரு கிராம்கூட இராது. பொதுமக்களின் அன்றாடப் புழக்கத்திற்கு ஈயக்காசுகள் இருந்தன. பொன் சேற்றில் கிடந்தாலும் கறுக்காது. ஆனால் மண்ணுக்குத் தப்பிய பொன், பொற்கொல்லரின் உலைக்குத் தப்புவது அரிது. ஈயக்காசுக்கோ உலை பகையன்று, சேறே பகை. நீரிலும் மண்ணிலும் நெடுங்காலம் கிடந்து அரித்துப் போகும்.

1930களின் தொடக்கத்தில் ஜொகூரில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றிய ஜெரால்டு கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர், இவ்வாற்றங்கரையில் கிடைத்த காசுகளிலும் மணிகளிலும் ஆர்வம் கொண்டார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் சூனிய வழிபாட்டு இயக்கம் ஒன்றைத் தொடங்கி உலகப் பெயர் பெற்றவர் இவரே. ஜொகூர் ஆற்றின் பொற்காசுகளைப் பற்றி இவர் எழுதிய குறிப்பு, அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் 1933இல் வெளிவந்தது. அவர் செய்தது என்ன? கையில் கிடைத்ததை வெறும் பொன்னாகக் கருதாமல், எங்கே கிடைத்தது, என்ன பொறித்திருக்கிறது என்று ஏட்டில் ஏற்றினார். அவ்வளவுதான். அந்த ஏடு இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது.

அமராவதியும் புதுக்கோட்டையும்

ஆறு காசு தருவது ஜொகூருக்கு மட்டும் உரிய செய்தியன்று. தமிழகத்தில் கரூர் நகரையொட்டி ஓடும் அமராவதி ஆற்றுப் படுகையிலும் பழங்காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. சேர மன்னன் பெயரை 'மாக்கோதை' எனத் தமிழி எழுத்தில் தாங்கிய வெள்ளிக்காசும், உரோமானியக் காசுகளும் அவற்றுள் அடங்கும். மணலைச் சலித்து எடுப்பவர் கையிலிருந்து வணிகர் கைக்குப் போய், அங்கிருந்து சேகரிப்பாளரிடம் வந்து சேர்ந்தவை பல. தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருட்டிணமூர்த்தி அவர்கள் இத்தகைய காசுகளைத் தேடிப் பெற்று, படித்து, படத்துடன் நூலாக்கினார். 'பெருவழுதி' என்னும் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசை அவர் படித்து வெளியிட்டமை சங்க கால ஆய்வில் ஒரு திருப்பமாக அமைந்தது. ஒருவர் படித்து எழுதியிராவிட்டால் அதுவும் களிம்பேறிய செம்புத் துண்டாகவே போயிருக்கும்.

சிதைந்த காசும் பேசும் என்பதற்குப் புதுக்கோட்டைப் புதையல் சான்று. 1898இல் வெளியுலகுக்குத் தெரியவந்த அப்புதையலில் 501 உரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பாசியன் காலம் வரையிலானவை அவை. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட காசுகளில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டப்பட்ட தழும்பு இருந்தது. அந்நியப் பேரரசனின் உருவத்தை ஏற்க விரும்பாமல் வெட்டினார்களா, 'இனி இது காசன்று, வெறும் பொன்' என்று காட்ட வெட்டினார்களா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அக்கேள்வியை எழுப்பியதே அந்தத் தழும்புதான். சிதைந்தவை விலை போகா என்று அவற்றை ஒதுக்கி உருக்கியிருந்தால், தமிழகத்தார் உரோமப் பொன்னை எவ்வாறு கையாண்டனர் என்னும் செய்தியும் உருகிப் போயிருக்கும். சார்ச் ஹில் என்னும் அறிஞர் அவற்றை அவ்வாண்டிலேயே ஆராய்ந்து எழுதினார்.

களவு போன பின்னும் நிற்பவை

களவின் கதை இன்னும் கொடியது. 1831ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓர் இரவு, பாரிசில் உள்ள அரச நூலகத்தின் நாணயக் காட்சியகத்தில் கள்வர் புகுந்து ஆயிரக்கணக்கான பொற்பொருள்களை அள்ளிச் சென்றனர். அவற்றுள் பெரும்பகுதி உருக்கப்பட்டது. பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டீனியனின் பெரும் பொற்பதக்கமும் அவ்வாறே அழிந்தது. 1751இல் கண்டெடுக்கப்பட்ட அதன் எடை ஏறத்தாழ 164 கிராம். ஆயினும் அப்பதக்கத்தின் தோற்றம் இன்று நமக்குத் தெரியும். களவுக்கு முன்பே அதற்கு அச்சுவார்ப்பு எடுத்திருந்தார்கள். அதன் வழிவந்த படி இலண்டன் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் இருக்கிறது. பொன் போயிற்று, உருவம் நின்றது.

2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெர்லின் நகரில் 100 கிலோகிராம் எடையுள்ள கனடியப் பொற்காசு ஒன்று களவு போனது. அது திரும்பக் கிடைக்கவேயில்லை. பல மில்லியன் யூரோ இழப்பு அது. ஆனால் அக்காசின் தேதி, எடை, வடிவம் யாவும் பதிவில் உள்ளன. வரலாற்றுக்கு அதனால் நேர்ந்த இழப்பு சிறிது. அரை கிராம் எடையுள்ள ஒரு ஜொகூர் கூப்பாங் பதிவின்றி உலைக்குப் போனால், அதனால் வரும் இழப்பு அதனினும் பெரிது. களவு போன பொன்னின் எடையைக் கொண்டு வரலாற்றின் இழப்பை அளக்க முடியாது.

அரசே உருக்கிய வெள்ளி

காசை உருக்குவோர் கள்வரும் கொல்லரும் மட்டும் அல்லர், அரசும் உருக்கும். 1903இல் வெளியிடப்பட்ட நீரிணைக் குடியேற்றத்தின் ஒரு டாலர் வெள்ளிக்காசு ஏறத்தாழ 26.95 கிராம் எடையுள்ளது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மட்டுமன்றி ஜொகூரிலும் புழங்கிய காசு இது. 1906இல் இதன் மதிப்பு இரண்டு சில்லிங் நான்கு பென்சு என நிலைநிறுத்தப்பட்டது. வெள்ளியின் விலை ஏறவே, காசின் முகமதிப்பைவிட அதிலுள்ள வெள்ளி மதிப்புமிக்கதாகும் நிலை வந்தது. ஆகவே 1907இல் 20.21 கிராமாகவும், 1919-20இல் பாதி மட்டுமே வெள்ளி கொண்ட 16.85 கிராமாகவும் காசு சுருங்கியது. பழைய பெரிய காசுகள் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. தப்பியவையே இன்று சேகரிப்பாளர் கையில் உள்ளன. ரிங்கிட்டை நாம் இன்றும் 'வெள்ளி' என்றே அழைக்கிறோம். காசிலிருந்து வெள்ளி நீங்கிவிட்டது, சொல்லில் மட்டும் தங்கியிருக்கிறது.

நம் வீட்டுக் காசுகள்

ஆசிரியர்களும் பெற்றோர்களும் கருத வேண்டியது இனிமேல்தான். நம்மவர் வீடுகளில் பழங்காசுகள் இருக்கின்றன. பாட்டியின் காசுமாலையில் வளையம் பற்றவைத்த பவுன், அரைஞாணில் கோக்கத் துளையிட்ட காசு, தோட்டத்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பழைய சதுரச் சென் ஆகியவற்றைப் பலரும் கண்டிருப்பர். துளையிட்ட காசைச் சேகரிப்பாளர் விலை குறைத்தே மதிப்பிடுவர். ஆனால் அத்துளையே அக்குடும்பத்தின் வரலாறு. உரோமானியப் பொற்காசுகளையும் துளையிட்டு அணிந்த மக்கள் நாம்.

ஆகவே இல்லத்திலும் பள்ளியிலும் நான்கு செயல்களைச் செய்யலாம்.

1. புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை இட்டுத் தேய்க்க வேண்டா. பளபளப்புடன் எழுத்தின் கூர்மையும் தேய்ந்துவிடும். தேய்ந்தது மீளாது.

2. மென்மையான பி.வி.சி. நெகிழி உறைகளில் நெடுநாள் வைக்க வேண்டா. அதிலிருந்து வெளிப்படும் பொருள்கள் செம்பைப் பச்சைப் பிசினாக அரிக்கும். நம் ஈரக்காற்றில் இது விரைந்து நிகழும். காகித உறை நன்று.

3. ஒவ்வொரு காசுக்கும் இருபுறமும் படம் எடுத்து, எடை, விட்டம், யார் வழி வந்தது, எங்கே கிடைத்தது என ஓர் ஏட்டில் எழுதுக. அவ்வேட்டைக் காசுப் பெட்டியினுள் வைக்காதீர்கள். களவு போனால் காவல் நிலையத்தில் காட்டுவதற்கு அதுவே சான்று.

4. மண்ணிலோ ஆற்றிலோ பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் விதிக்கும் கடமை. இந்தியாவிலும் 1878ஆம் ஆண்டு முதல் புதையல் சட்டம் உண்டு.

நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு இது எளிய வரலாற்றுப் பணியாகவும் அமையும். வீட்டிலுள்ள பழங்காசு ஒன்றைத் தாளின் கீழ் வைத்துக் கரிக்கோலால் தேய்த்து உருவெடுக்கச் செய்யலாம். காசு வீட்டிலேயே இருக்கட்டும், தாள் மட்டும் பள்ளிக்கு வரட்டும். தாளின் அடியில் "இதை எனக்குக் காட்டியவர் யார், அவருக்கு இது எப்படிக் கிடைத்தது" என்னும் இரு வரிகளை எழுதச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியரிடம் கேட்டறியக்கூடிய விடை அது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். ஆற்றில் போகும் காசாயினும், அளந்தே போகட்டும்.