உத்திரமேரூர்க் கல்வெட்டும் ஒரே பலியும்



நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. குடவோலைத் தேர்தலின் விதிகளை அவை கூறுகின்றன. யார் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்ற பட்டியலில் ஒரு விதி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பாவம் செய்து, பிராயச்சித்தம் முடித்துத் தூய்மையானவர்களுக்கும் ஆயுள் முழுவதும் இடமில்லை. சடங்கு முடிந்தது, ஊரின் நினைவிலிருந்து பாவம் நீங்கவில்லை.

இஸ்ரயேலரின் பலிகளைப் பற்றி எபிரேயர் திருமடல் (10:1-4) சொல்வதும் இதற்கு நெருக்கமானது. ஆண்டுக்கு ஒருமுறை, பாவக் கழுவாய் நாளன்று, தலைமைக் குரு தமக்காகக் காளையின் இரத்தத்தோடும் மக்களுக்காக ஆட்டுக்கிடாயின் இரத்தத்தோடும் திருத்தூயகத்தினுள் செல்வார் (லேவியர் 16). மறு ஆண்டும் அதுவே. இப்பலிகள் கடவுள் தந்தவையே. ஆனால் வரவிருந்ததன் நிழல்கள். அவை பாவத்தை நினைவூட்டின, போக்கவில்லை. கிறிஸ்துவோ ஒரே முறை தம்மையே கையளித்தார். அதனால் இறைவன் நம் பாவங்களை இனி நினைவில் கொள்வதில்லை (10:17).

"அப்படியானால் தினமும் பூசை எதற்கு, சாமி?" என்று சிலர் கேட்பதுண்டு. திரிதெந்து பொதுச்சங்கம் 1562இல் தெளிவாக விளக்கியது. பலிப்பொருள் அதே கிறிஸ்து, பலி செலுத்துபவரும் அவரே. சிலுவையில் இரத்தம் சிந்தி நடந்தது, பீடத்தில் இரத்தம் சிந்தாமல் நடைபெறுகிறது. கல்வாரிப் பலி மீண்டும் செய்யப்படுவதில்லை. அந்த ஒரே பலி இன்று நம்முன் உடனிருக்கிறது.

ஆகவே பூசைக் காணிக்கை, நேர்ச்சை, நடைப்பயணம் எல்லாம் நல்ல பக்தி முயற்சிகளே. பாவத்துக்கு நாம் கட்டும் விலை அல்ல. பங்காளியின் நிலத்தை ஏமாற்றி எடுத்தவர், அதை வைத்துக்கொண்டே பத்துப் பூசைகள் ஒப்புக்கொடுத்தால் போதுமா? சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார் (லூக்கா 19:8). மறுபுறம், ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிக்கப்பட்ட பழைய பாவத்தையே ஆண்டுதோறும் அச்சத்தோடு அறிக்கையிடுவோரும் உண்டு. மன்னித்தவர் கடவுள் என்று அவர்கள் நம்ப வேண்டும்.

கடைசியாக, நம் ஊருக்கு வருவோம். பணப் பொறுப்பை ஒப்படைக்குமுன் ஒருவரின் கடந்த காலத்தைப் பார்ப்பது விவேகமே. பொதுத் தவம் செய்து முடித்தவர்களைத் தொடக்கத் திருச்சபையும் குருக்களாக்கவில்லை. ஆனால் அவர்களை நற்கருணைப் பந்தியில் மீண்டும் சேர்த்துக்கொண்டது. சிறையிலிருந்து திரும்பியவரை, குடியை விட்டு மனம் மாறியவரை, நம் அன்பியக் கூட்டத்தில் எங்கே உட்கார வைக்கிறோம்? கிறிஸ்துவின் இரத்தம் கழுவிய ஒருவரின் பெயரை நாம் மட்டும் குடத்துக்கு வெளியே வைத்திருக்கிறோமா?

வரும் ஞாயிறு திருப்பலியில், சமாதானம் பகிரும் வேளையில், அவர் பக்கம் முதலில் திரும்புவோம்.