பலகை அறிந்து அலகு எடு



வானொலிப் பெட்டியைத் திறந்தால், செப்புக் கோடுகள் படர்ந்த மெல்லிய பலகையொன்றைக் காணலாம். அதனை மின்சுற்றுப் பலகை என்பர். அதன் வரலாற்றை எண்ணிப் பாராமல் அதனை அறுக்கப் புகுந்து, ஒரு மாணவனுக்கு நான் இழைத்த தவற்றை இன்று கூற விரும்புகிறேன்.

பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்ட் என்னும் வேதியியலறிஞர், 1907-ஆம் ஆண்டிற் செயற்கைப் பிசின் ஒன்றை ஆக்கினார். அது பேக்கலைட் என அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அப்பிசினில் தோய்த்த காகிதங்களை அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் ஊட்டினால், மின்சாரம் கடவாத உறுதியான பலகை கிடைக்கும். 1936-இல் இலண்டன் வந்த ஆஸ்திரியப் பொறியாளர் பால் ஐஸ்லர், மின்கடத்தாப் பலகைமீது செப்புத் தகட்டை ஒட்டி, வேண்டாத செப்பை அரித்து நீக்கி, கம்பிகளுக்கு மாற்றாகக் கோடுகளை அமைக்கும் முறையை வகுத்தார். 1943-இல் அதற்குக் காப்புரிமை கோரினார்.

காகிதப் பலகை ரம்பத்திற்கு எளிதில் இணங்கும். தகரம் வெட்டும் கத்தரியை வைத்தாலோ விளிம்பு வெடித்துவிடும். 1950-களில் காகிதத்திற்கு மாற்றாகக் கண்ணாடி இழையும், பேக்கலைட்டுக்கு மாற்றாக எப்பாக்ஸிப் பிசினும் வரத் தொடங்கின. பலகை வலுப்பெற்றது, அறுக்கும் கருவிக்குச் சோதனை வந்தது.

எங்கள் பள்ளி அறிவியற் கழகத்தில் ஒரு மாணவனிடம் புதிய ரம்ப அலகைக் கொடுத்தேன். சில பலகைகளை அறுப்பதற்குள் அதன் பற்கள் மழுங்கின. 'கருவியைப் பேணத் தெரியாதவன்' என்று பலர் முன்னிலையில் அவனைக் கடிந்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. சிவந்து தடித்த முன்கையைச் சொறிந்துகொண்டு நின்றான். அச்சிவப்பே எனக்கு உண்மையை உணர்த்திற்று. காகிதத் தூள் அவ்வாறு அரிக்காது. அது கண்ணாடித் தூள். அவன் கையை உறுத்திய கண்ணாடியே அலகின் பற்களையும் தேய்த்திருந்தது.

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். பலகையின் கனம் 1.6 மில்லிமீட்டர். நான் கொடுத்த அலகில் அங்குலத்திற்கு 18 பற்கள். பல்லுக்குப் பல் இடைவெளி 1.4 மில்லிமீட்டர். பலகையின் கனத்தில் ஒரு பல்லே பதியும். அது சிக்கி விளிம்பைச் சிதைக்கும். 32 பற்கள் உள்ள அலகாயின் இரண்டு பற்கள் பதியும். அலகைச் சாய்த்துப் பிடித்தால் மேலும் சில பதியும். கண்ணாடிப் பலகைகளை மிகுதியாக அறுப்போர்க்கு டங்ஸ்டன் கார்பைடுத் துகள் பதித்த அலகே நீடித்து உழைக்கும். நேர்க்கோட்டில் துண்டாக்க, இருபுறமும் ஆழக் கீறி மேசை விளிம்பில் வைத்து ஒடிக்கலாம். எவ்வாறாயினும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள்; தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மறுநாள் அதே மாணவர்கள் முன்னிலையில், 'பிழை இவனுடையதன்று. பலகை இன்னதென்று ஆராயாமல் அலகைக் கொடுத்த ஆசிரியனுடையது' என்றேன். பொருளின் இயல்பை அறிந்த பின்னரே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை நான் கற்றது அவனிடமிருந்தே.