எலும்புக்கூடு உண்டு, பேய் இல்லை

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. ஒன்றுக்கு மணற்கடிகாரமும் உண்டு. உள்ளே 76 கல்லறைகள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில். படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அது பேய் வாசல். செதுக்கியவர்களுக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. வாழ்வு ஒழுகிப்போகும் மணல் என்று பார்ப்பவனுக்கு நினைவூட்டுவது 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வழக்கமான பக்தி. நம் சித்தர்கள் பாட்டில் சொன்னதை அவர்கள் கல்லில் சொன்னார்கள், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது எதுவும் அந்த வாசலில் இல்லை. பயப்பட வேண்டியது நடந்த இடங்கள் சற்றுத் தள்ளி இருக்கின்றன: முட்புதர் மூடிக் கிடக்கும் கெல்ட்ரியா கோட்டை மேடும், லைட்ஹவுஸ் குப்பத்துக்கு எதிரே விரியும் வெறும் கடலும். அந்த இரண்டையும் யாரும் பேய் வீடாக வாசிப்பதில்லை. ஏன் என்பதுதான் என் கேள்வி.

கோட்டை 1613இல் எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டல வணிகம் இங்கிருந்தே நடந்தது. பாடப்புத்தகம் துணியைச் சொல்லும். வழிகாட்டி வெடிமருந்துச் சாலையைச் சொல்வார். மூன்றாவது சரக்கை இருவரும் தாண்டிப் போய்விடுவார்கள். 1621 முதல் 1665 வரை, கம்பெனி ஆவணங்களிலிருந்து திரட்டிய ஒரு கணக்கின்படி, 131 கப்பல்களில் 38,441 பேர் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) தீவுத் தோட்டங்களுக்கும். 1621 என்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில்தான் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பாண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் விரட்டியும் அழித்தார். ஜாதிக்காய் மரங்கள் நின்றன, பறிக்கக் கைகள் இல்லை. அந்தக் கைகளைத் தேடிய இடங்களில் நம் கரையும் ஒன்று. சின்னப்பா அரசரத்தினம் போன்ற வரலாற்றாளர்கள் காட்டியிருப்பது போல இந்த ஏற்றுமதி ஆண்டுதோறும் ஒரே அளவில் நடக்கவில்லை. பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் பொங்கியது. 1645–46, 1659–61 போன்ற ஆண்டுகளில் சோற்றுக்கு வழியில்லாதவர்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றார்கள். பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது. அதனால் பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் ஆளையும் சிறு படகில் முகத்துவாரம் கடந்து கொண்டுபோவார்கள். லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பெயர் கொடுத்த கலங்கரை விளக்கு அப்போது இல்லை. அது பிரிட்டிஷார் காலத்தது.

இப்படிப்பட்ட வரலாற்றைப் பேய் வீடாக வாசிக்கவும் முடியும். பேய் வீட்டு நாவல்களில் அடிமைத்தனத்தை நேருக்கு நேர் நிறுத்தியது கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987). ஒஹையோவில் 124 என்ற எண் கொண்ட வீட்டில், தாயே கொன்ற குழந்தையின் ஆவி குடியிருக்கிறது. பிடிக்க வந்தவர்களிடம் பிள்ளை மறுபடி அடிமையாகப் போய்விடக் கூடாது என்று தாய் செய்த கொலை அது. 1856இல் மார்கரெட் கார்னர் என்ற பெண் செய்ததன் நிழல். அந்த நாவலை வாசித்தவர்கள் பிளந்துபோன விதம் நமக்குப் பாடம். விமர்சகர் ஸ்டான்லி க்ரவுச் அதைத் துயரத்தை விற்கும் மிகையுணர்ச்சிக் கதை என்று சாடினார். 48 கறுப்பின எழுத்தாளர்களும் விமர்சகர்களும், மாரிசனுக்கு உரிய பரிசுகள் மறுக்கப்படுவதைக் கண்டித்து 1988 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த ஆண்டே புலிட்சர் பரிசு வந்தது. நாவலில் அந்த வீட்டுக்கு வந்துசேரும் இளம்பெண் பேயே அல்ல, எங்கிருந்தோ தப்பி வந்த ஒரு பெண் என்று நிறுவ முயன்ற ஆய்வாளரும் உண்டு. பின்னால் பள்ளிப் பாடத்திலிருந்து அதை நீக்கச் சொல்லி வர்ஜீனியாவில் ஒரு தாய் போராடினார். 2016இல் மாநிலச் சட்டமன்றம் பெற்றோரை எச்சரிக்கும் மசோதாவையே நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் தடுத்தார். இத்தனை சண்டையிலும் பேய் உண்டா இல்லையா என்பது சின்ன விஷயம். இந்த வீடு யாருடையது, இந்தச் சாவு யார் கணக்கில் என்பதே வாசகர்களைப் பிரித்தது.

பேய்க்கதையின் மேல் வரலாற்றைச் சுமத்துவது அமெரிக்க வழக்கம், நமக்குப் பொருந்தாது என்று யாரும் சொல்லலாம். ஆனால் பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பழையனூர் இருக்கிறது. கணவன் கொன்ற நீலி, கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து, வேளாளர் எழுபது பேர் முன்னால் வழக்குரைத்துப் பழி வாங்கிய ஊர். கையில் பிள்ளையோடு வந்து நியாயம் கேட்கும் பேய் நமக்குப் புதிதல்ல. அநியாயமாகச் செத்தவர் தெய்வமாகி எல்லையில் நிற்பதும் நம் ஊர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் இந்த மரபுக்கு ஒரு நிபந்தனை உண்டு. செத்த இடம் வேண்டும். நடுகல்லோ, பீடமோ, ஒரு வேப்பமரமோ வேண்டும். நீலிக்குப் பழையனூர் இருந்தது. கப்பலேறியவர்கள் பழவேற்காட்டில் சாகவில்லை. பத்தாவியாவிலோ பாண்டாவிலோ வழிக்கடலிலோ செத்தார்கள். புறப்பட்ட ஊரும் இது அல்ல, உள்நாட்டில் எங்கோ. அதனால் ஆவிக்கு இங்கே வீடில்லை. இங்கே செத்து, இங்கேயே கல் வைத்துப் பெயர் பொறித்துக்கொண்டவர்கள் டச்சுக்காரர்கள். ஆகவே ஊரின் பேய்ப் பட்டமும் அவர்கள் வாசலுக்கே போய்ச் சேர்ந்தது. கப்பலேற்றியவனுக்குக் கல்லறை, கப்பலேறியவனுக்குக் கணக்கேட்டில் ஒரு எண்.

இன்னொரு மறுப்பு கனமானது. இந்த மனிதர்களை விற்றதில் உள்ளூர்த் தரகருக்கும் பங்குண்டு, பெற்றவர்களே விற்றார்கள், ஓலை எழுதி ஆளை விற்பது டச்சுக்காரர் வருமுன்பே தமிழ் நிலத்தில் இருந்தது. அப்படியிருக்க வெள்ளைக்காரனை மட்டும் பேயாக்குவது வசதியான பொய் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கோட்டை வாங்கிய அளவும், கடல் கடத்திய தூரமும், திரும்பி வர வழியில்லாமையும் பழைய ஓலை அடிமைத்தனத்துக்கு இல்லாதவை. மேலும், மாரிசனின் வீட்டிலும் கொலைக்கருவி தாயின் கையில்தான் இருக்கிறது. குற்றத்தை வெளியாள் தலையில் முழுதாகக் கட்டிவிட முடியாத கதை என்பதால்தான் அது வாசகர்களை அத்தனை தொந்தரவு செய்தது. பஞ்சத்தில் பிள்ளையை விற்ற தகப்பனும் அதே வாசற்படியில் நிற்கிறான். நம் மௌனத்துக்கு மறதி மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

1989இல் மாரிசன் குறைபட்டார்: அடிமைகளை நினைக்க ஒரு கல்வெட்டில்லை, சாலையோரத்தில் ஒரு சிறு பெஞ்சுகூட இல்லை. 2008இல் அவருடைய வாசகர்கள், ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக வந்து இறங்கிய, தென் கரோலினாவின் சல்லிவன் தீவில் ஒரு கறுப்பு எஃகுப் பெஞ்சைப் போட்டார்கள். நம் கரையிலிருந்து போனவர்களின் தடம், தென்னாப்பிரிக்காவில் அதே கம்பெனி நிறுவிய கேப் டவுனின் பழைய பதிவேடுகளில் கொஞ்சம் கிடைக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பெண்ணுக்குக் கதரீனா என்பது போல ஒரு ஞானஸ்நானப் பெயர் இருக்கும். தகப்பன் பெயர் இருக்காது, ஊர்ப் பெயர் இருக்காது. ஊர் எழுத வேண்டிய இடத்தில் ‘வான் டெ குஸ்ட்’ என்று எழுதியிருப்பார்கள். கரையைச் சேர்ந்தவள் என்று அர்த்தம். கரை என்றால் சோழமண்டலக் கரை. அதில் எந்தக் குப்பத்துக்கு நேராகக் கப்பல் நின்றது என்று எழுதியவனுக்குத் தேவைப்படவில்லை.